நூர்ஜஹான் வீட்டு பூதக்கண்ணாடி

ls என்று அடித்தேன். ஃபோல்டரில் என்னென்ன இருக்கிறது என்று காட்டும் கட்டளை அது. லினக்ஸில் அதைவிட எளிதாக ஒன்று கிடையாது. அதுவே ஓடவில்லை. வேறு நாலைந்து கட்டளைகள் கொடுத்தேன், எல்லாவற்றுக்கும் ஒரே எரர். பதற்றத்தில் ரீஸ்டார்ட் செய்தேன். அதோடு மெஷின் எழுந்திருக்கவே இல்லை. பக்கத்து ஸ்டூலில் நூர்ஜஹான் உட்கார்ந்திருந்தார். அவருடைய பிழைப்பில் நான் மண்ணைப் போட்டுவிட்டேன் என்பது அவருக்கு இன்னும் தெரியாது.

அப்போது நான் கும்பகோணத்தில் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் சீனியர் டெக்னீஷியன். அனுபவத்தைவிடக் கோபத்தில்தான் நான் சீனியர். அந்த வருஷம் குறுவைக்குத் தண்ணீர் வரவில்லை. டெல்டா முழுக்கப் பையன்கள் வளைகுடாவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். திருவிடைமருதூர் பக்கம் நூர்ஜஹான் தன் வீட்டு முன்னறையில் ஒரு கம்ப்யூட்டரை வைத்து அவர்களுக்கு விசா ஃபாரம் அடித்துக் கொடுத்தார். கணவர் குவைத்தில் டிரைவர். லைசென்ஸ் செலவு இல்லையே என்று அந்த மெஷினில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தவன் நான்தான்.

நூர்ஜஹானுக்குச் சின்ன வயதிலிருந்தே பார்வை குறைவு. சோடாபுட்டிக் கண்ணாடி போட்டும் மூக்கு மானிட்டரில் முட்டும். ஒரு தடவை ஒரு பையனுடைய பாஸ்போர்ட் நம்பரில் 8 இருந்த இடத்தில் 3 அடித்துவிட்டார். அந்தப் பையனை மெட்ராஸ் ஏர்போர்ட்டிலிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவனுடைய அம்மா வந்து வாசலில் நின்றார். திட்டக்கூட இல்லை, நின்றுவிட்டுப் போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலை என்று நூர்ஜஹான் என்னிடம் சொன்னார். விஷயம் தெரிந்த கணவர், இந்த வேலையே வேண்டாம், மெஷினை விற்றுவிடு என்று போனில் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை வாங்க ஆள் வருவதாக ஏற்பாடு. புதன்கிழமை எனக்குப் போன் வந்தது, எழுத்தைப் பெரிதாகக் காட்ட ஏதாவது வழி உண்டா என்று.

ரெசல்யூஷனைக் குறைத்துப் பார்த்தேன். எழுத்து பெரிதானது, ஃபாரத்தில் பாதி திரைக்கு வெளியே போய்விட்டது. அப்புறம்தான் மேக்னிஃபையர் புரோகிராம் ஞாபகம் வந்தது. மவுஸ் போகும் இடத்தை மட்டும் பூதக்கண்ணாடி போலப் பெரிதாக்கிக் காட்டும். ஃபைல் ஒரு ஃப்ளாப்பிக்குள் அடங்கிவிடும். ஆனால் அது ஓட வேறு லைப்ரரி ஃபைல்கள் வேண்டும். டிபென்டென்சி என்பது இதைத்தான். அந்த வீட்டில் இன்டர்நெட் இல்லை. கும்பகோணம் போய் ஒன்றை டவுன்லோட் செய்து பஸ்ஸில் கொண்டுவருவேன், அது இன்னொன்றைக் கேட்கும். திரும்பவும் பஸ். வியாழக்கிழமை காலை, மூன்றாவது நடையில், மொத்த சிஸ்டத்துக்கும் அடிப்படையான glibc-இன் புது வெர்ஷனையே கேட்டது. அதையும் கொண்டுவந்தேன். ஒத்துவராது என்று மெஷின் எச்சரித்தது. எனக்குப் பொறுமை போய்விட்டது. --force --nodeps என்று சேர்த்து எண்டரைத் தட்டினேன். எவன் என்ன சொன்னாலும் கேட்காதே, உள்ளே போடு என்று அதற்கு அர்த்தம். அதற்கப்புறம் அடித்ததுதான் முதலில் சொன்ன அந்த ls.

"மெஷின் போச்சும்மா. நான்தான் கெடுத்தேன்" என்றேன்.

அவர் வாய் திறப்பதற்குள் வீட்டு போன் அடித்தது. அவர்தான் எடுத்தார். என் முதலாளி. என்மேல் ஏற்கெனவே இரண்டு கம்ப்ளெயின்ட். மூன்றாவது வந்தால் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லி வைத்திருந்தார். வேலை என்ன ஆயிற்று என்று கேட்டிருப்பார் போல.

"இங்கதான் இருக்காருங்க. வேலை நடந்துகிட்டிருக்கு. முடிச்சுட்டு அனுப்புறேன்" என்று சொல்லி நூர்ஜஹான் போனை வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "நடக்குதுல்ல அண்ணே?" என்றார்.

நடக்குதும்மா என்றேன். லினக்ஸ் போட்டபோது கொடுத்து வைத்திருந்த இன்ஸ்டலேஷன் சிடியைக் கேட்டேன். அதிலிருந்து பூட் செய்து கெட்ட சிஸ்டத்தைச் சரிசெய்வதற்கென்றே இருக்கும் ரெஸ்க்யூ மோடுக்குப் போய், பழைய glibc-ஐத் திரும்பப் போட்டேன். மெஷின் எழுந்தது. அவர் அடித்து வைத்திருந்த ஃபாரம் எல்லாம் அப்படியே இருந்தன. பெருமூச்சு விட்டு சிடியைத் திருப்பிக் கொடுத்தபோது அவர் கவரைப் பிரித்துக் காட்டிக் கேட்டார்: "இதுல இன்னும் ரெண்டு இருக்கேண்ணே. அதுல என்ன இருக்கு?"

எனக்குத் தெரியாது. எங்கள் கடையில் யாருமே முதல் சிடியைத் தாண்டியதில்லை. சிஸ்டம் ஏறிவிட்டால் மற்றதைக் கவரிலேயே விட்டுவிடுவோம். மூன்றாவது சிடியைப் போட்டேன். அதே மேக்னிஃபையர், இந்த மெஷினுக்கென்றே பொருத்தமான வெர்ஷன், அது கேட்கும் லைப்ரரிகளோடு சேர்ந்து உட்கார்ந்திருந்தது. பத்து நிமிஷத்தில் ஏறிவிட்டது. இரண்டு நாள் பஸ் ஏறி இறங்கியவனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். மெஷின் வேண்டாம் என்றால் எதற்குச் சொல்கிறது என்று படித்துப் பாருங்கள். வெளியே தேடப் போவதற்கு முன் கையில் இருக்கும் கவரை முழுசாகப் பிரியுங்கள். எதையாவது கெடுத்துவிட்டால் கெடுத்தேன் என்று சொல்லிவிடுங்கள். எல்லாருக்கும் ஒரு நூர்ஜஹான் வாய்ப்பார் என்று உத்தரவாதம் தர முடியாது. எனக்கு வாய்த்தார். அதற்குப் பிறகு நான் செய்த வேலையெல்லாம் அந்த ஒரு போன்காலின் மேல் நிற்கிறது.

மதியம் நூர்ஜஹான் குவைத்துக்குப் பேசி, மெஷினை விற்க வேண்டாம் என்று கணவரைச் சம்மதிக்க வைத்தார். அடுத்து, ஏர்போர்ட்டிலிருந்து திரும்பி வந்த பையனுடைய அம்மாவுக்கு ஆள் அனுப்பினார். சாயங்காலம் அந்த அம்மா மகனுடைய பாஸ்போர்ட்டோடு வந்தார். நூர்ஜஹான் நம்பரை அடித்துவிட்டு, மவுஸை அதன்மேல் கொண்டுபோய், மானிட்டரை அந்த அம்மா பக்கம் திருப்பினார். திரை முழுக்க ஒரே ஒரு எண் நின்றது.

"இது எட்டுதானம்மா?"

அந்த அம்மா பாஸ்போர்ட்டைப் பார்த்தார், திரையைப் பார்த்தார்.

"எட்டுதான். எனக்கே தெரியுதே. அடிம்மா."

ஃபாரம் பிரின்டாகி வெளியே வரும்வரை நான் பஸ்ஸுக்குக் கிளம்பவில்லை.