ஓட்டை விழுந்த வெண்டை இலை

காலை எட்டு மணிக்கு ஓமானின் சலாலாவில் இறங்கினேன். துபாயில் வெயில் கொளுத்தும் ஆகஸ்டில் இங்கே சாரல். விமானத்தில் வந்தவர்கள் எல்லாரும் பச்சை மலையைப் பார்க்கக் கிளம்பினார்கள். எனக்கு வேண்டியது பூச்சி தின்ற இலை ஒன்று, அவ்வளவுதான்.

துபாய் அல் குசைஸில் ஒரு ஜப்பானிய அம்மாளிடம் பூவும் பூச்சியும் வரையப் பழகுகிறேன். கண்காட்சிக்கு நான் கொடுத்த படத்தை இரண்டு முறை திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர்கள் ஊர்ப் படங்களில் பூவுக்குப் பக்கத்திலேயே பூச்சி அரித்த இலையும் இருக்கும். என் இலைகளோ பிளாஸ்டிக்கில் செய்தவை மாதிரி இருக்கின்றனவாம். மருந்தடித்த துபாய்ப் பூங்காக்களைப் பார்த்து வரைந்தால் வேறெப்படி இருக்கும்? இந்த வாரம்தான் கடைசி வாய்ப்பு.

தஹாரீஸ் தோட்டங்களுக்கு டாக்சியில் மூன்று ரியால். வாழைகளுக்கு நடுவே ஒரு வெண்டைப் பாத்தி. மஞ்சள் பூ, நடுவில் கருஞ்சிவப்பு. பக்கத்து இலை முழுக்கச் சல்லடை, விளிம்பில் ஒரு பச்சைப் புழு. குதிக்காத குறைதான். தோட்ட வேலை பார்க்கும் முருகேசன் பட்டுக்கோட்டைப் பக்கத்துக்காரர். நான் உட்காரச் சாக்கு விரித்துக் கொடுத்தார். ஆனால் தூறல் நின்றதும் மருந்தடிக்க வேண்டும், மதியம் வரும் சூப்பர்வைசர் புழுவைப் பார்த்தால் வேலைக்கே ஆபத்து என்றார்.

குடையைத் தோளில் இடுக்கிக்கொண்டு வரைந்தேன். பத்தரைக்குத் தூறல் நின்றது. முருகேசன் மருந்து டப்பாவை முதுகில் மாட்டிக்கொண்டு, என் செடி கடைசியாக வரும்படி எதிர்க்கோடியிலிருந்து அடித்துக்கொண்டு வந்தார். அவர் வரவும் நான் புழுவின் கடைசிக் காலை வரைந்து முடிக்கவும் சரியாக இருந்தது. எழுந்து வழிவிட்டேன். புழு நெளிந்து கீழே விழுந்தது, பாவமாக இருந்தது.

முருகேசன் படத்தை உற்றுப் பார்த்தார்.

“செடிய வச்சது நாந்தான்க்கா. என்னைய விட்டுட்டுப் புழுவ வரைஞ்சிருக்கீங்க.”

இந்த மாதிரிப் படத்தில் ஆள் வருவதில்லை என்றேன். சொன்ன எனக்கே அது நன்றாக இல்லை. தூரிகையை மையில் தொட்டு, அடியில் ‘முருகேசன் வைத்த வெண்டை’ என்று எழுதிக் காட்டினேன். அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

துபாயில் ஆசிரியை முதலில் ஓட்டைகளைப் பார்த்தார், பிறகுதான் பூவைப் பார்த்தார். படத்தைக் கண்காட்சிக்குத் தேர்ந்தெடுத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. உடனே முருகேசனுக்கு வாட்ஸ்அப்பில் படத்தை அனுப்பினேன். பதிலைக் குரலாகவே அனுப்பியிருந்தார்.

“ரொம்ப சந்தோசம்க்கா. ஆனா எம் பேரும் அந்த ஓட்டையும் ஒண்ணா இருக்க வேணாம். சூப்பர்வைசரும் தமிழ் ஆளுதான். படம் போன்ல சுத்தி வந்து அவரு பாத்தா, தோட்டத்த இப்புடித்தான் வச்சிருக்கியாம்பாரு. பேர மட்டும் எடுத்துருங்க.”

அந்த மையை அழிக்க முடியாது. படத்துக்கு ஓட்டை வேண்டும், முருகேசனுக்கு வேலை வேண்டும். மனசே இல்லாமல் அடியில் இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டி எடுத்துவிட்டு, படத்தைச் சட்டம் போடக் கொடுத்தேன்.