மொட்டையும் பர்மிட்டும்

மேலநீலிதநல்லூர் மூக்காண்டி கொத்தனாருக்குச் சிங்கப்பூர் ஆசை வந்தது எண்பத்தொன்றில். ஏஜண்ட் ஞானதுரை சுலபமான வழி ஒன்று சொன்னான்.

“சுத்திப் பாக்க வந்தேன்னு சொல்லி இறங்கிருங்க அண்ணாச்சி. பெறவு எங்கனயாவது வேலையில சேந்துக்கிடலாம். எவன் தேடப் போறான்?”

“போலீசக் கண்டா ஒளியுத பொழப்பு எனக்கு வேண்டாம் வே. வேலைக்குன்னு பர்மிட்டு வாங்கித் தாரும். இல்லன்னா இங்கனயே சுவரு எழுப்பிக்கிடுதேன்.”

பர்மிட் வருகிற வழியாக இல்லை. ஊரே அவனை ‘சிங்கப்பூரார்’ என்று கூப்பிட்டுக் கேலி செய்தது. மனைவி அன்னக்கிளிதான் சங்கரன்கோவில் கோமதியம்மனிடம் நேர்ந்துகொண்டாள்: பர்மிட் வந்தால் முடி காணிக்கை. நேர்ந்தது அவள், தலை அவனுடையது. புருஷன்மார் பாடு அப்படித்தான்.

ஒருவழியாகப் பர்மிட் வந்தது. ஊரை விட்டுக் கிளம்புகிற அன்று காலையில் கோயிலில் மொட்டை. முறுக்கி வளர்த்த மீசையைப் பார்த்து நாவிதர் தயங்கினார்.

“சாமிக்குக் குடுக்கதுல என்ன மிச்சம் பிடிக்க? அதையும் வழிச்சிருங்க” என்றாள் அன்னக்கிளி.

பாஸ்போர்ட்டில் ஒட்டியிருந்த முகம் இருவர் நினைவுக்கும் வரவில்லை.

சிங்கப்பூர் விமான நிலையத்தில் அதிகாரி படத்தைப் பார்த்தார். சுருட்டை முடி, முறுக்கு மீசை. எதிரே பூசணிக்காய் மாதிரி ஒரு தலை. ஆள்மாறாட்டம் என்று ஓரமாக உட்கார வைத்துவிட்டார். திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று மூக்காண்டி மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டிருந்தான். பக்கத்தில், சுற்றிப் பார்க்க வந்ததாகப் பொய் சொல்லி மாட்டிக்கொண்ட தமிழன் ஒருவன் இருந்தான். “நீயும் நம்ம கேஸ்தானா?” என்று அவன் கேட்டதுதான் மூக்காண்டியைச் சுட்டுவிட்டது.

விருட்டென்று எழுந்தான். “நான் கள்ளத்தனமா வரல ஐயா! அம்மனுக்கு முடி குடுத்துட்டு வேலைக்கு வந்திருக்கேன்!”

சத்தம் கேட்டு வந்த தமிழ் அதிகாரி ஒருவர் சிரித்துவிட்டார். படத்திலிருந்த முடியை ஒரு விரலால் மறைத்தார், மீசையை இன்னொரு விரலால். கட்டட வேலையில் மூக்காண்டி சாரத்திலிருந்து விழுந்து வாங்கிய புருவத் தழும்பு படத்திலும் இருந்தது, எதிரிலும் இருந்தது. உள்ளே போகச் சொல்லி முத்திரை குத்தினார்கள்.

அந்த வாரமே பர்மிட் அட்டைக்குப் புதுப் படம் எடுத்தார்கள், மொட்டைத் தலையோடு.

எண்பத்தாறில் கோமதியம்மன் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு லீவில் வந்தபோது மூக்காண்டிக்கு முடியும் மீசையும் பழையபடி செழித்திருந்தன. டீக்கடையில், சிங்கப்பூர் போகத் துடித்துக்கொண்டிருந்த உள்ளூர்ப் பையன் பிச்சையா குரலைத் தாழ்த்தி, “உள்ள நுழைய குறுக்கு வழி ஏதும் இருக்கா அண்ணாச்சி?” என்று கேட்டான்.

மூக்காண்டி சட்டைப் பையிலிருந்து பர்மிட் அட்டையை எடுத்து, கடையில் இருந்த அத்தனை பேரும் பார்க்கத் தூக்கிப் பிடித்தான்.

“எனக்குத் தெரியாதுலே. இந்த மொட்டையன் வாசல் வழியா போனவன்.”