என் நாலாவது ஓட்டு எங்கே?

கிரிவலப் பாதையில் செருப்பு பாதுகாக்கும் கடை வைத்திருப்பவள் நான். யாரையும் லேசில் நம்ப மாட்டேன். போன உள்ளாட்சித் தேர்தலில், வாக்குச்சாவடி அலுவலர் என்னிடம் மூன்று சீட்டுதான் கொடுத்தார். கிராமத்தில் ஆளுக்கு நான்கு ஓட்டு என்று எனக்குத் தெரியாதா?

"வார்டு மெம்பர் சீட்டு எங்க சார்? என் ஓட்ட யாருக்குப் போட்டீங்க?" என்று சத்தம் போட்டேன். வரிசையே எட்டிப் பார்த்தது.

"உங்க வார்டுல ஒருத்தர்தாம்மா மனு கொடுத்தாரு. போட்டியே இல்ல, அப்புறம் ஏது சீட்டு?" என்றார் அவர்.

அதெப்படி ஒருவர் மட்டும் என்று கேட்க வாயெடுத்தபோதுதான், பக்கத்துத் தெருவில் தையல் கடை வைத்திருக்கும் பர்வீன் நினைவுக்கு வந்தாள். மனு பாரத்தோடு என் கடைக்கு வந்தவள் அவள்.

"மெம்பருக்கு நிக்கப் போறேன்க்கா. முன்மொழியறவங்க இடத்துல ஒரு கையெழுத்து போடுங்க."

"கையெழுத்தா? அதுல என்ன வில்லங்கம் இருக்கோ! ஆள வுடும்மா" என்று அனுப்பிவிட்டேன். தெருவில் மற்றவர்களும் அப்படியே அனுப்பியிருக்கிறார்கள்; முன்மொழிய ஆளில்லாமல் அவளால் மனுவே கொடுக்க முடியவில்லை.

இப்போதும் எந்தக் காகிதத்தையும் சந்தேகத்தோடுதான் வாங்குகிறேன். ஆனால் முழுதாகப் படித்த பிறகே வேண்டாம் என்கிறேன். அடுத்த தேர்தலில் நானே முன்மொழிகிறேன் என்று பர்வீனிடம் போய்ச் சொன்னேன். அவள் என்னைச் சந்தேகமாகத்தான் பார்த்தாள்.