இடது காலில் வந்த மாப்பிள்ளை பஸ்

ஆதம்பாவா இளம் வயதில் கொழும்பில் ட்ரொலி பஸ் ஓட்டியவர். கூரையிலிருந்து நீண்ட இரண்டு கழிகள் மேலேயிருந்த மின்கம்பிகளைத் தொட்டுக்கொண்டிருக்க, சத்தமில்லாமல் நழுவிப்போகும் பஸ் அது. ஏறியவர்களிடம் அதன் குணத்தை அவர் சொல்லாமல் விடமாட்டார். மிதியைப் படிப்படியாக அமுக்கினால் வாவியில் தோணி போவதுபோல் போகும். ஒரேயடியாக அமுக்கினால் முன்சீட்டுக்காரர் பின்சீட்டுக்காரரின் மடியில் இருப்பார். அவர் ஓட்டிய பஸ்ஸில் வேகத்துக்கு இடது கால், பிரேக்குக்கு வலது கால்.

அறுபத்து நாலில் அந்த பஸ்கள் நின்றுபோக, கல்முனைக்கு வந்து றாஹிலாவைக் கலியாணம் முடித்து வயல் செய்தார். எழுபத்தொன்பதில் தனியார் பஸ் ஓடலாம் என்றானதும், றஸாக் என்பவர் ஒரு பழைய டீசல் பஸ்ஸை வாங்கி அவரிடம் கொடுத்தார்.

கைகள் ஒழுங்காகத்தான் ஓட்டின. கால்தான் கொழும்பிலேயே நின்றுவிட்டது. வேகம் எடுக்க வேண்டுமென்றால் இடது கால் தானாகப் போய், டீசல் பஸ்ஸில் அந்த இடத்தில் இருக்கும் கிளட்சை அமுக்கும். வலது கால் ஆக்சிலேட்டரிலேயே இருக்க எஞ்சின் அலறும், பஸ் தளரும். வீதிக்குக் குறுக்கே எந்தக் கம்பியைக் கண்டாலும் கால் சட்டென்று மேலெழும். கம்பிகள் சேருமிடத்தில் மிதியை விடுவது ட்ரொலி பஸ்ஸின் சட்டம். அப்போதெல்லாம் பஸ் ஒரு குலுக்குக் குலுக்க, பயணிகள் எல்லாரும் சேர்ந்து தலையாட்டினார்கள்.

ஆதம்பாவாவை அண்ணன் முறையில் 'காக்கா' என்றழைக்கும் றஸாக், றாஹிலாவிடம் வந்தார்.

"ராத்தா, காக்காட வலது கால நம்பலாம். இடது கால நம்பேலா. நீங்க பின்னால இரிந்து வாங்க."

சந்தைக்குப் பாய் கொண்டுபோகும் றாஹிலாவுக்கு அது வசதியாகவும் இருந்தது. அன்றிலிருந்து சாரதிக்குப் பின்சீட்டு அவளுடையது. எஞ்சின் அலறினால், "இது டீசல்" என்பாள், அவ்வளவுதான். சில நாட்களில் முழு பஸ்ஸும் சேர்ந்து "இது டீசல்" என்றது. காரைதீவில் ஏறும் சிவக்கொழுந்து மாஸ்டர்தான் எல்லாரிலும் உரத்துச் சொல்வார்.

எண்பத்தொன்றில் றாஹிலாவின் தங்கை மகள் றபீக்காவுக்குப் பாலமுனையில் கலியாணம். மாப்பிள்ளை அபுல் ஹஸன் மருதமுனைக்காரர். மாப்பிள்ளை வீட்டாரை ஏற்றிவர ஆதம்பாவா போனார். றாஹிலாவோ பெண் வீட்டில் சமையலில் நின்றாள்.

வழியில் பிழை ஒன்றும் நடக்கவில்லை. அந்தி மஹ்ரிப் தொழுகைக்குப் பிறகு பாலமுனை வீதியில் திரும்பியதும், மேலே ட்ரொலி பஸ் கம்பிகள்போல வீதி நீளத்துக்குக் கலர் பல்புக் கம்பிகள் மின்னின. ஆதம்பாவாவின் உடம்பெல்லாம் சிரித்தது. இடது கால் ஆசையோடு, படிப்படியாக, கிளட்சை அடிவரை அமுக்கியது. வலது கால் தன்பாட்டில் பிரேக் பக்கம் போய்க் காத்திருந்தது. எஞ்சின் முனகலாக அடங்க, வந்த வேகத்திலேயே பஸ் பல்புகளுக்குக் கீழே வழுக்கிக்கொண்டு போனது. உள்ளேயிருந்தவர்களில் "இது டீசல்" என்று சொல்லவும் ஒருவருக்கும் மனம் வரவில்லை.

பந்தல் வாசலில் பஸ் அப்படியே நின்றது.

எஞ்சின் சத்தம் கேட்டதும் குரவை போடலாம் என்று பெண்கள் உள்ளே தலைவாரிக்கொண்டிருந்தார்கள். வரவேற்க ஆளில்லாமல் நின்ற மாப்பிள்ளை, தானே இறங்கி, சமையல் நடந்த குசினி வாசலில் போய் சலாம் சொன்னார்.

றாஹிலா திரும்பிப் பார்க்காமலே கேட்டாள். "வஅலைக்கும் ஸலாம். மாப்பிள்ளைட பஸ் எங்க வருதாம்?"

"வந்துட்டு மாமி. நான் அதுலதான் வந்த."

அகப்பை சட்டிக்குள் விழுந்தது. பாதிப் பின்னலோடும் ஒற்றைக் காப்போடும் பெண்கள் ஓடிவந்தார்கள். குரவை போட வாயைத் திறந்தவர்களுக்குச் சிரிப்புத்தான் வந்தது. மாப்பிள்ளையும் சிரித்தார். உள்ளே மணப்பெண் சிரித்தது வாசல்வரை கேட்டது.

அதன்பிறகு அந்தப் பக்கத்துக் கலியாண வீடுகள் அந்த 'சத்தமில்லாத வருகை'யைத்தான் கேட்டன. றஸாக்குக்கும் சந்தோசம்.

அப்படியொரு கலியாணம் முடிந்து பஸ் காலியாக நின்ற ஒரு பகலில் றாஹிலா சொன்னாள். "என்னங்க, எல்லாரும் அந்தச் சத்தமில்லாத ஓட்டத்துல போயிருக்காங்க. நான் போகல்ல."

"இது டீசல், புள்ள."

"ஓம், தெரியும். நான் ஒண்டும் சொல்லமாட்டன். ஓட்டுங்க."

வயல்களுக்கு நடுவே ஆளில்லாத நேர்வீதி. ஆதம்பாவா வேகம் பிடித்து இடது காலை ஊன்றினார். காற்று மட்டும் கேட்டது. முந்தானை பறக்க, பின்சீட்டுக்காரி முதல் தடவையாக முன்னால் வந்து கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இன்னொருக்கா" என்றாள்.