நண்டு தின்ற விரல்

மே மாதத்து இரண்டாவது செவ்வாய்க்கிழமை காலை ஏழேகாலுக்கு, மட்டக்களப்புக் கல்லடியில் தன் வீட்டுப் படலையடியில் நின்று, உதயரூபன் மோட்டார் சைக்கிள் இருக்கையின் மேல் மடிக்கணினியைத் திறந்து வைத்தார். வலக்கைச் சுட்டுவிரலைக் கைரேகைக் கண்ணில் வைத்தார். திரை திறந்தது. "ஆ, நான்தான்" என்று சொல்லி, மூடிப் பைக்குள் போட்டார். எங்கே புறப்பட்டாலும் இந்தச் சடங்கு உண்டு.

"உங்கள உங்களுக்கே அடையாளம் தெரியல்ல. நான் என்னெண்டு இருவது வருசம் குடும்பம் நடத்தினனோ" என்றார் வாசலில் நின்ற மனைவி புஸ்பம். அதுவும் சடங்கின் ஒரு பகுதிதான். இந்தப் பாட்டைக் கேட்டால்தான் வண்டி ஸ்டார்ட் ஆகும்.

அன்றைய பயணம் வெல்லாவெளிக்கு. விதைநெல் விற்கும் ஒரு நிறுவனத்தின் மூன்று கிளைகளுக்கும் அவர் ஒருவர்தான் கணினி மனிதர்: வெல்லாவெளி, ஓட்டமாவடி, பனிச்சங்கேணி. தலைமையகம் கொழும்பில். வருடத் தொடக்கத்தில் தலைமையகம் எல்லாருக்கும் புது மடிக்கணினி கொடுத்து, கூடவே ஒரு சட்டமும் போட்டது. விரல் வைத்துத் திறந்தால்தான் வேலைக்கு வந்ததாகக் கணக்கு. விரலை ஏற்காவிட்டால் இரகசிய இலக்கத்தைப் போட்டு உள்ளே போகலாம், நாள் முழுக்க முறிந்து வேலை செய்யலாம். ஆனால் வரவுப் பதிவில் அந்த ஆள் வரவில்லை. அன்றிலிருந்து உதயரூபனுக்குக் கணினியில் வேறு வேலை இல்லை. விரல்தான்.

அவர் வைத்தியம் பார்க்கிற விதமே வேறு. முதலில் இயந்திரத்தைப் பார்க்கமாட்டார். விரலுக்குரியவரின் கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார். "பயப்படாதீங்க, சாத்திரம் சொல்ல வரல்ல." பிறகு விரலை மோந்து பார்ப்பார். ஆம், மூக்கை வைத்து. மோந்தபின் ஒரு தீர்ப்பு வரும். அதற்குப் பிறகுதான் இயந்திரம். செலோடேப் துண்டொன்றைக் கைரேகைக் கண்ணில் ஒட்டி இழுத்து அழுக்கெடுப்பார். பற்றரியை மிச்சம் பிடிக்கவென்று கணினி அந்தக் கண்ணை அடிக்கடி தூங்க வைத்துவிடும். அமைப்புக்குள் போய் அந்தத் தூக்கத்தைத் தடை செய்வார். "எழும்பு மூதேவி. சம்பளம் வாங்காத நீயே நித்திர கொண்டா, வாங்குற ஆக்கள் என்ன செய்யிற?" கடைசியாகப் பழைய ரேகையை அழித்துவிட்டுப் புதிதாகப் பதிவார். பத்துக்கு ஒன்பது முறை, கடைசியாகச் செய்கிற இந்த வேலையில்தான் நோய் மாறும். முன்னால் செய்ததெல்லாம் கச்சேரி.

ஆனால் தன் மூக்கில்தான் எல்லாம் இருக்கிறது என்பது அவர் நம்பிக்கை. பனிச்சங்கேணிக் களஞ்சியத்தில் வேலை செய்யும் லூர்து வீட்டில் மீன் வெட்டுகிறவர். "செதில் உங்கட ரேகையத் தின்டிட்டு அண்ணன்" என்றார் அவரிடம். ஓட்டமாவடியில் பஹீமா கலியாணம் முடித்து மருதோன்றிக் கையோடு வந்திருந்தாள். "ரெண்டு கிழமை பொறுங்க. மாப்பிள பழகுறத்துக்குள்ள மெசினும் பழகிரும்" என்றார் அவளிடம். பஹீமா சிரிக்கவில்லை, அவர் சிரித்தார். இரண்டு பேருக்கும் புது ரேகை பதிந்து கொடுத்தார், இருவர் நோயும் மாறியது. இப்படி ஏழெட்டுப் பேர்.

இவ்வளவு முறைப்பாடு ஏன் என்று மார்ச்சில் தலைமையகம் கேட்டபோது, மூன்று வரியில் அறிக்கை அனுப்பினார். கருவிகளில் பிழையில்லை. பதிவில் பிழையில்லை. பிழை பாவனையாளரின் விரலில். அந்த மூன்று வரியையும் அச்செடுத்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தார். தேத்தண்ணிக் கடையில் யாராவது வாயைக் கொடுத்தால் எடுத்து நீட்டுவார்.

வெல்லாவெளியில் அந்தச் செவ்வாய்க்கிழமை அவருக்காகக் காத்திருந்த விரல் மேனுகாவினுடையது. இருபத்தாறு வயது, கள உத்தியோகத்தர், ஆறு மாதப் பரீட்சார்த்த காலம் அந்த வெள்ளிக்கிழமை முடிகிறது. நிரந்தரமாக்குவதா வீட்டுக்கு அனுப்புவதா என்று தலைமையகம் அன்றைக்குத் தீர்மானிக்க வேண்டும். அவர்களிடம் இருந்த பதிவு ஒன்றே ஒன்றைத்தான் சொன்னது: மூன்று மாதத்தில் இந்தப் பெண் கணினியை விரலால் திறந்தது பத்தொன்பது தடவை, பத்தொன்பதும் பகல் ஒரு மணிக்கும் இரண்டு மணிக்கும் இடையில். அதாவது, வருகிற நாளிலும் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத்தான் வருகிறாள். கருவி சரியாக இருக்கிறது என்று உதயரூபன் படிவத்தில் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும், மிச்சத்தைக் கொழும்பு பார்த்துக்கொள்ளும்.

"நான் எட்டு மணிக்கு வாறது வெல்லாவெளி நாய்க்கும் தெரியும். உங்கட மெசினுக்குத்தான் தெரியாது" என்றாள் மேனுகா. காலையிலேயே வயல் வட்டைக்குப் போய் வந்திருந்தாள். காற்சட்டை முழங்கால் வரைக்கும் சேறு.

"என்னத்துக்குப் புள்ள இவ்வளவு நாளும் சொல்லாம இருந்த?"

"சேர் சொன்ன, நம்பர் அடிச்சாப் போதும் எண்டு."

சேர் என்பது கிளை முகாமையாளர் நல்லரத்தினம். அவள் எட்டு மணிக்கு வந்ததற்கு அவர் சாட்சி சொல்லலாம்தான். அதற்கு அவரும் எட்டு மணிக்கு அங்கே இருந்திருக்க வேண்டும். அதனால் அவர் பொதுவாக அறிவுரை சொல்வதோடு நிறுத்திக்கொண்டார். "என்ட விரல் முதல் நாள்ல இருந்து ஒருக்காலும் பிழைக்கல்ல தம்பி. நேர்மையான விரல மெசின் அறியும்."

உதயரூபன் கையைப் பிடித்தார், திருப்பினார், மோந்தார். "வயல் விரல். சேறும் உரமும் ரேகைய அரிச்சிட்டு."

"உரம் போடுறது கமக்காரர். நான் எழுதுறது மட்டுந்தான்."

"அத மறுகாப் பாப்பம், இப்ப மெசின்."

செலோடேப் போட்டார். கண்ணின் தூக்கத்தைத் தடை செய்தார். புதிய இயக்கிமென்பொருள் இறக்கினார். அதற்கே ஒன்றேகால் மணித்தியாலம் போனது, வெல்லாவெளி இணையம் நடந்துதான் வரும். இடையிடையே மேனுகா விரலை வைத்தாள். ஏற்கவில்லை. இருபது தடவை வைத்தாள். "பொலிசில புடிச்ச ஆக்களட்டயும் இவ்வளவு தரம் விரல் வாங்கமாட்டாங்க" என்றாள். குரல் சிரிப்பில் தொடங்கி வேறெங்கோ முடிந்தது. அவளுடைய தம்பிக்கு வேலையில்லை, அப்பா படுக்கையில் என்பதை அவர் அறிவார். பழைய ரேகையை அழிக்கும் பொத்தானில் மட்டும் அவர் கை வைக்கவில்லை. அழித்தால் இருக்கிற சாட்சியும் போய்விடும், வெள்ளிக்கிழமை முடியும் வரைக்கும் தொடக்கூடாது என்று கொழும்பு கண்டிப்பாகச் சொல்லியிருந்தது. அவருடைய மருந்துகளில் உண்மையாக வேலை செய்வது அந்த ஒன்றுதான் என்பது அப்போதுதான் அவருக்கே புலப்படத் தொடங்கியது.

பன்னிரண்டரைக்குப் படிவத்தை எடுத்து வெளியே வைத்தார்.

மேனுகா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழும்பினாள். பின்னால் போய்ச் சோற்றுப் பார்சலை அவிழ்த்துச் சாப்பிட்டாள். பைப்படியில் கை கழுவினாள், சவர்க்காரம் போட்டு, ஆத்திரத்தில் நீண்ட நேரம். வந்தவள், கையைச் சரியாகத் துடைக்காமலே, "இந்தா பாருங்க உங்கட சீதேவிய" என்று விரலைக் கொண்டுபோய் அழுத்தினாள்.

திறந்தது.

இருவரும் திரையைப் பார்த்தார்கள். கையைத் துடைத்துக் காய விட்டு, பத்து நிமிடம் கழித்து வைக்கச் சொன்னார். ஏற்கவில்லை. தேத்தண்ணிக் கோப்பையில் தண்ணீர் நிரப்பி, விரலைக் கொஞ்ச நேரம் ஊறப்போட்டு, எடுத்துக் கண்ணில் வைக்கச் சொன்னார். திறந்தது. விரலை மூக்குக்குக் கிட்டக் கொண்டுவந்து பார்த்தார். மோந்து அல்ல, முதல் தடவையாகக் கண்ணை ஊன்றி. நுனி சுருங்கிப் போய், காய்ந்த பேரீச்சம்பழத் தோல் மாதிரி வரி வரியாகக் கிடந்தது.

"புள்ள, பெப்ரவரியில ரேகை பதிஞ்ச அண்டைக்கு என்ன சாப்பாடு?"

"நண்டு."

"ஆரு ஓடர் குடுத்த?"

"நீங்கதான். பதியிறத்துக்கு முதல் சாப்பிடுங்க, நண்டு ஆறிரும் எண்டு கத்தின நீங்கதான்."

அந்தப் பெப்ரவரி வியாழக்கிழமை முழுதாக அவருக்கு நினைவு வந்தது. மூன்று கிளை ஆட்களும் இதே வெல்லாவெளிக் கிளையில். காலையில் பதிவதாகத்தான் திட்டம்; குத்துவிளக்கும் உரைகளும் அதை விழுங்கின. மத்தியானம் வாவி நண்டுக் கறி. எங்கள் பக்கத்தில் நண்டு தின்பது சாப்பாடு அல்ல, வேலை. கால் கடித்து, ஓடு உடைத்து, உள்ளதைச் சூப்பி முடிக்க முக்கால் மணித்தியாலம். அவ்வளவு நேரமும் விரல் ஆணத்துக்குள், அந்தக் கறிக் குழம்புக்குள், ஊறும். பிறகு வாடை போக ஆளுக்குப் பாதி தேசிக்காய் வைத்து உரஞ்சல். அந்த விரல்களை, ஊறிச் சுருங்கிய அத்தனை விரல்களையும், வரிசையில் நிற்கவைத்து ஒவ்வொன்றாகப் பதிந்தவர் உதயரூபன். இயந்திரம் ஒரு பிழையும் செய்யவில்லை. அதற்குக் காட்டிய விரலைத்தான் அது மூன்று மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

நல்லரத்தினத்துக்கு நண்டு ஒத்துக்கொள்ளாது, உடம்பு தடிக்கும். அன்றைக்கு அவர் முட்டைச் சோற்றைக் கரண்டியால் சாப்பிட்டார். நேர்மையின் இரகசியம் அவ்வளவுதான்.

லூர்துவின் செதில், பஹீமாவின் மருதோன்றி, மேனுகாவின் உரம் எல்லாம் அந்த நிமிடத்தில் ஆவியாகின. உதயரூபன் படிவத்தைத் திரும்பப் பைக்குள் போட்டார். பிறகு கொழும்புக்கு அழைத்தார். மனிதவளப் பிரிவில் இருக்கும் ஷெரோனும் மட்டக்களப்புக்காரிதான்.

"மார்ச்சில நீங்கதானே அண்ணன் எழுதித் தந்த, பதிவில பிழையில்ல எண்டு? அத வெச்சித்தான் எல்லாம் செய்திருக்கன்."

"எழுதினன் மிஸ். பிழையா எழுதினன்."

"இப்ப என்ன காரணம் சொல்றீங்க?"

"நண்டு."

"அண்ணன், நான் இத மேல கொண்டுபோகணும். மேல உள்ளாக்கள் சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். சிரிச்சி முடிய வாசிக்கச் சொல்லுங்க."

"எழுத்தில தாங்க. உங்கட பேர்ல. மறுகா எனக்கு ஒண்டும் தெரியாது."

அவர் எழுதினார். முதல் வரைவில் 'பதிவு வேளையில் நிலவிய ஈரப்பத மாறுபாடு' என்று ஒரு பெரிய வசனம் வந்தது. மேனுகா பின்னால் நின்று வாசித்தாள். "ஈரப்பதம் எண்டா எனக்கு வேர்வை எண்டு நினைப்பாங்க. நண்டெண்டு போடுங்க."

"என்ட மானம் போகும் புள்ள."

"என்ட வேல போகுது அண்ணன்."

அவர் ஈரப்பதத்தை அழித்தார். நண்டைப் போட்டார். அதன் கீழே, பதிந்தது நான், நேரம் தெரிந்தெடுத்தது நான், முன்னைய அறிக்கையின் இரண்டாம் வரி தவறு, மூன்றாம் வரி அதைவிடத் தவறு என்று எழுதினார். காய்ந்த விரலையும் ஊறிய விரலையும் மாறி மாறி வைக்கும் காணொளியொன்று எடுத்து இணைத்தார். காணொளியில் மேனுகாவின் விரலும் தேத்தண்ணிக் கோப்பையும் தெரியும். பின்னணியில் "இவள் வேலைக்கு வந்தவள், வராதது என்ட மூளை" என்று ஒரு குரல் கேட்கும். அதை வெட்டவில்லை.

வெள்ளிக்கிழமை பதில் வரவில்லை. அடுத்த வெள்ளியும் வரவில்லை. தீர்மானம் ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது என்று ஷெரோன் ஒரு வரி அனுப்பினாள். மேனுகா நிரந்தரமும் இல்லாமல் நீக்கமும் இல்லாமல் எட்டு மணிக்கு வந்துபோய்க்கொண்டிருந்தாள். உதயரூபன் ஓட்டமாவடிக்கும் பனிச்சங்கேணிக்கும் போய், கேட்காத ஆட்களிடமெல்லாம் நண்டுக் கதையைத் தானே சொன்னார். லூர்து கோபப்படவில்லை. "செதில் எண்டு சொன்ன நாள்ல இருந்து மனிசிதான்டா மீன் வெட்டுறாள். மூணு மாசம் எனக்கு லீவு. இத அவளிட்டச் சொல்லித் துலைச்சிராத" என்றார். மேனுகாவைப் பற்றி யாராவது விசாரித்தால் மட்டும் உதயரூபன் பேச்சை மாற்றிவிடுவார்.

ஒக்டோபர் கடைசியில் ஒருநாள் மத்தியானம் ஓட்டமாவடியில், றம்ஸீனின் சாப்பாட்டுக் கடையில், கை நிறையச் சோறும் ஆணமுமாக இருந்தபோது, இலைக்குப் பக்கத்தில் கிடந்த தொலைபேசி வெளிச்சமானது. தொட முடியாது. கழுத்தை வளைத்து, உதட்டை அசைத்து, திரையில் விழுந்ததை முழுவதுமாக வாசித்தார். கடை நிறைய ஆட்கள். கல்லாவில் இருந்த றம்ஸீன் காக்காவைக் கூப்பிட்டு, முழங்கையால் தொலைபேசியை அவர் பக்கம் தள்ளினார்.

"காக்கா, இதக் கொஞ்சம் சத்தமா வாசிங்க."

"ஏன், உங்களுக்குக் கண் தெரியல்லயா?"

"நான் வாசிச்சிட்டன். இவங்களுக்கும் கேக்கட்டும்."

றம்ஸீன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, செய்தி வாசிப்பவரைப் போலத் தொண்டையைச் செருமினார்.

"அண்ணன், கடிதம் வந்திட்டு. ஜூன் முதலாம் திகதியில இருந்து நிரந்தரம். நான் ஒருநாளும் பிந்தி வரல்ல எண்டு போட்டிருக்கு. தவறு உதயரூபனுடையது எண்டும் உங்கட முழுப்பேரோட போட்டிருக்கு. மேனுகா."