அக்காவுக்கு எந்த மின்சைக்கிள்? ஈப்போவிலிருந்து பழைய தோட்டம் வரை

மின்சைக்கிளில் பெல்ட் நல்லதா, செயின் நல்லதா என்று கேட்டு இந்த வலைப்பூவுக்கு நிறையப் பேர் எழுதிவிட்டீர்கள். நான் பதில் போடாமல் இருந்ததற்குச் சோம்பல் காரணமில்லை, எரிச்சல்தான். இரண்டையும் ஒரே நாளில், ஒரே பாதையில், மழையிலும் மண்ணிலும் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். பதில் என்னிடம் இருக்கிறது. அதைச் சொல்ல வேண்டுமானால் அந்தப் பயணத்தையும் சொல்ல வேண்டும், அதனால்தான் இத்தனை நாள் இழுத்தேன்.

எங்கள் வீட்டில் மூன்று பேர். மூத்தவர் கமலா அக்கா, அடுத்து சேகர் அண்ணன், கடைசித் தங்கை நான், வீட்டில் பாப்பா. அக்காவுக்கு ஐம்பத்தெட்டு வயது. பத்து காஜாவிலிருந்து கோப்பெங் போகும் சாலையில் ஐந்து கிலோமீட்டர் போய், இடது பக்கம் மண் ரோட்டில் மூன்று கிலோமீட்டர் உள்ளே நுழைந்தால் பழைய ரப்பர் தோட்டம் வரும். இப்போது எல்லாம் எண்ணெய் எடுக்கும் செம்பனை. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் நான்கு குடும்பங்கள்தான் மிச்சம், அதில் அக்கா ஒண்டி ஆள். பத்து காஜாவில் ஒரு பள்ளிக்கூடக் கேன்டீனில் சமையல் வேலை. தினமும் எட்டுக் கிலோமீட்டர் சைக்கிள் மிதித்துப் போவார். மோட்டார் சைக்கிள் பழகும்போது ஒரு தடவை விழுந்தவர், அதோடு அதைத் தொடுவதில்லை.

முழங்கால் தேய்ந்த பிறகு மேடு வந்தால் இறங்கித் தள்ள ஆரம்பித்தார். வேலைக்கு லேட். கேன்டீன் எடுத்து நடத்தும் அம்மா கறாராகச் சொல்லிவிட்டார்: விடுமுறை முடிந்து பள்ளி திறக்கிற அன்றைக்குக் காலை ஐந்தே முக்காலுக்கு அடுப்படியில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆள். வேலை போனால் அக்கா பாகான் செராயில் இருக்கும் மகன் தினேஷ் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். தினேஷ் நல்ல பிள்ளை. மருமகளும் முகம் சுளிக்கிறவள் இல்லை. ஆனாலும் அக்காவுக்கு அதில் துளியும் இஷ்டமில்லை. "விருந்தும் மருந்தும் மூணு நாளைக்குத்தான்லா பாப்பா. நாலாவது நாள் நான் அங்க யாரு?" என்றார்.

சரி, மின்சைக்கிள் வாங்கிக் கொடுப்போம் என்று அண்ணனும் நானும் முடிவு செய்தோம். செலவு ஆளுக்குப் பாதி. அங்கே ஆரம்பித்தது சண்டை.

அண்ணன் செயின் கட்சி. ஏழெட்டுப் பல்சக்கரம் அடுக்கி, கம்பியை இழுத்தால் செயின் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவுமே, அந்த வகை. எடுத்ததற்கெல்லாம் "பத்து காஜாவுல எந்த சைக்கிள் கடையிலயும் செஞ்சுக்கலாம்லா" என்பார். நான் பெல்ட் கட்சி. கியர் முழுக்கப் பின்சக்கரத்தின் நடுவில் ஒரு டப்பாவுக்குள் அடைபட்டிருக்கும், செயினுக்குப் பதில் பல் வைத்த பெல்ட். எண்ணெய் விட வேண்டாம், கைலியில் கறை படாது, நின்ற இடத்திலேயே கியர் மாற்றலாம். எங்கள் குடும்ப வாட்சாப் குழுவில் மூன்று மாதம் இதே பேச்சு. அவர் ஒரு வீடியோ போட்டால் நான் இரண்டு போடுவேன். அக்காவும் அந்தக் குழுவில் இருந்தார். எல்லாவற்றுக்கும் ஒரு பெருவிரல் போடுவார்.

கடைசியில் ஈப்போவில் ஒரு கடைக்காரர் வழிக்கு வந்தார். இரண்டு சைக்கிளையும் சனி, ஞாயிறு இரண்டு நாளைக்குத் தருவார். ஒன்றுக்கு நாள் வாடகை தொண்ணூறு ரிங்கிட், எதை வாங்குகிறோமோ அதற்குக் கொடுத்த வாடகையைக் கழித்துக்கொள்வார். பள்ளி திறக்க ஒன்பது நாள் இருந்தது. ஓட்டிக்கொண்டே அக்கா வீட்டுக்குப் போவது, அவரையும் ஓட்டவைப்பது, எது தேறுகிறதோ அதை வாங்குவது என்று திட்டம்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கிளம்பினோம். மெங்லெம்பு, லாஹாட், பூசிங் வழியாகப் பத்து காஜா சுமார் இருபத்தைந்து கிலோமீட்டர். லாஹாட் தாண்டும் வரை லாரி அதிகம், ஓரமாகப் போங்கள். அதன் பிறகு பழைய ஈயக்குட்டைகள் இரண்டு பக்கமும் வரும், காற்று நன்றாக இருக்கும். பூசிங்கில் ரொட்டி சானாயும் தே தாரிக் டீயும், இரண்டு பேருக்கும் சேர்த்துப் பதினோரு ரிங்கிட். சமதரையில் இரண்டு சைக்கிளுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. மோட்டார் இருபத்தைந்து கிலோமீட்டர் வேகத்தோடு நிறுத்திக்கொள்ளும், மீதி உங்கள் கால் பாடு.

பூசிங் தாண்டியதும் மழை பிடித்தது. சாலை வேலை நடந்த இடத்தில் செம்மண் குழம்பாகக் கிடந்தது. அண்ணன் செயினில் அது அப்பிக்கொண்டு நறநறவென்று அரைத்தது. என் பெல்ட் சத்தமே போடவில்லை.

"அண்ணே, பல்லக் கடிக்கிறது நீங்களா, சைக்கிளா?" என்றேன்.

"வாய மூடிட்டு மிதி" என்றார்.

என் வாய் பத்து காஜாவுக்குள் நுழையும் மேட்டில் தானாக மூடிக்கொண்டது. டப்பாவுக்குள் இருக்கும் கியர், காலால் அழுத்திக்கொண்டிருக்கும்போது மாறாது. ஒரு நொடி மிதிப்பதை நிறுத்தினால்தான் மாறும். மேட்டுக்கு நடுவில் நிறுத்தினால் வண்டி நின்றே போகும். கனமான கியரில் மாட்டிக்கொண்டு நான் முக்க, அண்ணன் கிளிக் கிளிக் என்று மாற்றிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார். "என்னா பாப்பா, பெல்ட்டு அவுந்துருச்சா?" என்று திரும்பி ஒரு கேள்வி வேறு. மேடு வருவதற்கு முன்பே கியரைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்பது அப்புறம்தான் எனக்கு உறைத்தது.

மண் ரோட்டில் இறங்கிக் கொஞ்ச தூரம் போனதும் ஒரு தோட்டத்துக் கேட் இருந்தது. புதிதாகப் பெயிண்ட் அடித்து, அகலமாகத் திறந்து கிடந்தது. உள்ளே நுழைந்து போய்விட்டோம். அதற்குப் பிறகு செம்பனை மட்டை முள் ஒன்று என் பின்டயரைக் குத்தியது. பெல்ட் வண்டியில் பின்சக்கரத்தைக் கழற்றுவது பெரிய சூசா, படு தொல்லை: கியர் கம்பியை விடுவித்து, பதினைந்தாம் நம்பர் ஸ்பேனரால் இரண்டு நட்டையும் கழற்றி, திரும்ப மாட்டும்போது பெல்ட் இறுக்கத்தைச் சரிபார்க்க வேண்டும். நான் ஸ்பேனர் எடுத்து வரவில்லை. அண்ணன் வைத்திருந்தார், அதை ஒரு தடவை சொல்லிக்காட்டிவிட்டுத்தான் கொடுத்தார். முக்கால் மணி நேரம் போயிற்று. ஆளுக்கு ஒரு வெற்றி, ஒரு தோல்வி என்று கணக்குப் போட்டுக்கொண்டே ஒரு மணிக்கு அக்கா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம்.

சோறும் நெத்திலிச் சம்பலும் சாப்பிட்டு, வெயில் தாழ்ந்ததும் அக்காவை ஓட்டவைத்தோம். முதலில் பெல்ட். கைலியைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினார். ஒரு மிதி மிதித்ததும் மோட்டார் தள்ள, "அடி ஆத்தி!" என்று கத்தியவர் லயத்துக்குப் பின்னால் இருக்கும் மேட்டில் நிற்காமல் ஏறிப் போய்விட்டார். உச்சியில் திரும்பி எங்களைப் பார்த்துச் சிரித்தார். அக்கா அப்படிச் சிரித்து நான் பார்த்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. செயின் வண்டியிலும் ஏறினார், அதிலும் அதே சிரிப்புதான்.

"சொல்லுக்கா, எது?" என்று அண்ணன் கேட்டார். நானும் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.

அக்கா ஒரு கையால் கைப்பிடியையும் ஒரு கையால் சீட்டையும் பிடித்து வண்டியைத் தூக்கப் பார்த்தார். பின்சக்கரம் தரையைவிட்டு எழவில்லை. "எது தம்பி கனம் கம்மி?"

"ரெண்டும் ஒண்ணுதான்க்கா. அது இருபத்தேழு கிலோ, இது இருபத்தாறு."

அக்காவின் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. "ஏழு மணி ஆகப் போவுது. ரெண்டு பேரும் என்னோட வாங்க" என்று தன் பழைய சைக்கிளை எடுத்தார்.

இரண்டு கிலோமீட்டர் திரும்பிப் போனோம். மதியம் திறந்து கிடந்த அதே கேட். நேப்பாளி ஜாகா ஒருவர், தோட்டத்துக் காவல்காரர், அதை இழுத்துச் சாத்திச் சங்கிலி போட்டுக்கொண்டிருந்தார். கேட்டுக்கும் காணுக்கும், அதாவது ஓரத்துச் சாக்கடைக்கும், நடுவில் சந்து விடாமல் தொடை உயரத்துக்கு இரண்டு கான்கிரீட் கட்டைகள். இரவில் வேன் வந்து செம்பனைக் குலைகளைத் திருடிப் போகிறார்களாம், அதற்காக இரண்டு மாதமாக இந்த ஏற்பாடு. சாயங்காலம் ஏழுக்குச் சாத்தினால் காலை ஏழுக்குத்தான் திறப்பார்கள். அக்கா விடிகாலை ஐந்து மணிக்கு இதைத் தாண்டியாக வேண்டும்.

"இப்டித்தான் போறேன்" என்று செய்து காட்டினார். பழைய சைக்கிளின் முன்சக்கரத்தைத் தூக்கிக் கட்டை மேல் வைத்தார். குனிந்து நடுக்கம்பிக்குத் தோளைக் கொடுத்து உந்தினார், பின்சக்கரமும் ஏறியது. அந்தப் பக்கம் இறக்கிவிட்டுத் தானும் ஏறிக் குதித்தார்.

பிறகு பெல்ட் வண்டி. முன்சக்கரம் ஏறியது. பின்பக்கம் அசையவில்லை. அண்ணன் பேட்டரியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அப்போதும் முடியவில்லை. மூன்றாவது தடவை வண்டி சரிந்து அக்காவின் வலிக்கிற காலிலேயே விழுந்தது. நானும் அண்ணனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக் காட்டினோம், எதற்கென்று தெரியவில்லை. ஐந்து மணிக்கு நாங்களா வந்து நிற்கப் போகிறோம்?

"பாங், பாகி லீமா பூக்கா பொலே?" என்று காலையில் ஐந்துக்குத் திறந்துவிட முடியுமா என ஜாகாவிடம் அண்ணன் கேட்டார்.

"தா பொலே, பாங். குஞ்சி டி ஆபிஸ். போஸ் மாரா" என்றார் அவர். சாவி ஆபிஸில் இருக்கிறது, முதலாளி திட்டுவார். வண்டியைக் கேட்டுக்கு வெளியே பூட்டிவைத்தால் என்ன என்று கேட்டோம். அவருக்கு முன்னால் இருந்த ஜாகாவின் மோட்டார் சைக்கிளே இங்கிருந்துதான் காணாமல் போனதாம். அப்படியே வைத்தாலும் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர் இருட்டில் நடக்க வேண்டும். காட்டுப்பன்றி திரிகிற இடம்.

"ஏன்க்கா எங்ககிட்ட சொல்லல?" என்று நான் கொஞ்சம் கோபமாகவே கேட்டேன்.

"வாய்ஸ்ல சொன்னேனே பாப்பா."

போனை எடுத்துத் தேடினேன். அண்ணனுடைய ஒரு வீடியோவுக்கும் என்னுடைய ஒரு வீடியோவுக்கும் நடுவில் அந்தக் குரல்பதிவு இருந்தது. "தம்பி, கேட்டு போட்டுட்டாங்க. ஏழுக்குச் சாத்திர்றாங்க." அதற்குக் கீழே அண்ணன் எழுதியிருந்தார்: "நல்லதுதான்க்கா, பாதுகாப்பு." நான் பெருவிரல் போட்டிருந்தேன். நாங்கள் எப்போது போனாலும் காரில், பகலில். எங்களுக்கு அது திறந்திருக்கும் கேட்.

ஞாயிற்றுக்கிழமை ஈப்போவுக்குத் திரும்பினோம். பெல்ட்டும் ஓடியது, செயினும் ஓடியது. திங்கட்கிழமை அண்ணன் தோட்டத்து ஆபிஸுக்குப் போன் போட்டார். எடுத்த கிராணி, ஆபிஸ் கணக்கர், நம்ம ஆள்தான், தமிழில்தான் பேசினார். "அண்ணே, லயத்துல இருக்க விட்டதே பெரிசு. கேட்டு அது இதுன்னு மனு கொடுத்தா, யார் யார் இன்னும் இருக்காங்கன்னு மேல லிஸ்ட் கேப்பாங்க. வேணுமா உங்களுக்கு?" அவர் மிரட்டினாரா, நல்லது சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. இரண்டுமாகத்தான் இருக்கும்.

பதினாறு கிலோவில் மின்சைக்கிள் இருக்கிறது என்பது அதன் பிறகு தேடியபோதுதான் தெரிந்தது. கோலாலம்பூரில் சொல்லிவைத்தால் ஆறு வாரத்தில் வரும். மூன்று மாதம் கியரைப் பற்றிக் கிழித்ததில் ஒரு நாள் எடையைப் பற்றிப் பேசியிருந்தால் அது வந்து சேர்ந்திருக்கும். பள்ளி திறந்த அன்றைக்கு அக்கா பழைய சைக்கிளில் போய் ஆறரைக்குச் சேர்ந்தார். அவர் இடத்தில் வேறொரு பெண் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாராம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வண்டிகளைத் திருப்பிக் கொடுக்கப் போனபோதே கடைக்காரர் ஆவலாகக் கேட்டார், "எது செட்டாச்சு? பெல்ட்டா, செயினா?" எனக்கு வந்த கோபத்துக்கு அவர் பாவம் என்ன செய்வார்?

நீங்களும் கேட்டிருக்கிறீர்கள், சொல்லிவிடுகிறேன். மழை, மண், தினமும் ஒரே பாதை, எண்ணெய் போடப் பொறுமை இல்லை என்றால் பெல்ட். மேட்டுக்கு முன்பே கியரைக் குறையுங்கள், பதினைந்தாம் நம்பர் ஸ்பேனர் இல்லாமல் கிளம்பாதீர்கள், பெல்ட் அறுந்தால் பெரிய ஊரிலிருந்துதான் வரவேண்டும், அதற்கும் தயாராக இருங்கள். மேடு அதிகம், பக்கத்தில் சைக்கிள் கடை உண்டு, துடைத்து எண்ணெய் விடச் சோம்பமாட்டீர்கள் என்றால் செயின். மோட்டார் இழுக்கிற இழுப்பில் அது சீக்கிரம் தேயும், தேய்வதற்கு முன் மாற்றிவிடுங்கள். வேறொருவருக்காக வாங்குவதாக இருந்தால் இது எதையும் படிக்காதீர்கள். அவர் கிளம்பும் நேரத்துக்கு அவர் வீட்டுக்குப் போய், அவர் போகும் பாதையில் அவர் பின்னாலேயே ஒரு நாள் போய்வாருங்கள். அவர் பேசினால் காதில் வாங்குங்கள்.

போன வாரம் பாகான் செராய் போயிருந்தேன். ஈப்போவிலிருந்து ரயில் வசதி. தினேஷ் வீட்டு வாசலில் அக்கா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கொஞ்சம் சதை போட்டிருக்கிறார். சுற்றிலும் கண்ணுக்கு எட்டிய தூரம் வயல், நடுவில் நேர்கோடாக ரோடு. முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"வலியே இல்ல பாப்பா. இங்க ரோடெல்லாம் தட்டைலா, மேடுன்னு ஒண்ணு கெடையாது. கியரே இல்லாத சைக்கிள் போதும்" என்றார். ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார், "போறதுக்குத்தான் எடம் இல்ல."