அம்மா வைத்த பெயரில் ஒரு டிக்கெட்

தங்கை ஜெயித்ததையெல்லாம் சொல்லச் சொன்னால் அக்காவுக்கு வாய் வலிக்காது. ஐந்து வயதில் டைபாய்டு. ஆஸ்பத்திரியில் கைவிரித்த பிறகும் பிழைத்து எழுந்தாள். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு முந்தின வாரம் வலது கை முறிந்தது. மாவுக்கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த விரல்களில் பேனாவை இடுக்கி எழுதிப் பாஸானாள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுவதற்கு விண்ணப்பித்தபோது, இந்தப் பெண் ஏணியில் பாதி ஏறினாலே மீசையை எடுத்துவிடுகிறேன் என்று யார்டு மேஸ்திரி சவால் விட்டார். இன்றைக்கும் அவர் மழமழவென்றுதான் திரிகிறார். புயலடித்த நாளில் அந்தரத்தில் தொங்கிய கண்டெய்னரை அலுங்காமல் இறக்கி வைத்துவிட்டுத்தான் தங்கை கீழே வந்தாள். சொந்தச் சம்பாத்தியத்தில் வீடு வாங்கினாள். வாசலில் தன் பெயரை மட்டும் பொறித்து மாட்டினாள்.

அந்தப் பெயர்ப்பலகையை நினைக்கும்போது மட்டும் அக்காவின் குரல் கொஞ்சம் இறங்கும். அது சித்தி வைத்த பெயர்.

சித்திக்குக் குழந்தை இல்லை. தங்கைக்கு மூன்று வயதானபோது அம்மா அவளைத் தூக்கிச் சித்தி மடியில் உட்கார வைத்தாள். அதோடு உறவெல்லாம் ஒரு படி நகர்ந்துவிட்டது. சித்தி அம்மாவானாள். பெற்றவள் பெரியம்மாவானாள். அக்கா மட்டும் அக்காவாகவே இருந்தாள். பெரியம்மா மகளும் அக்காதானே. அந்த ஒரு சொல்லை யாராலும் அவளிடமிருந்து பிடுங்க முடியவில்லை.

சித்தி புதுப் பெயர் வைத்துப் பள்ளியில் சேர்த்தாள். கொடுத்த பிறகு பாதி கொடுக்காமல் வைத்துக்கொள்வது முறையல்ல என்று அம்மாவும் புதுப் பெயரிலேயே கூப்பிடப் பழகிக்கொண்டாள். பழகாதவள் அக்கா ஒருத்திதான். விடுமுறைக்குத் தங்கை விருந்தாளி மாதிரி வந்து, விருந்தாளி மாதிரி திரும்பிப் போவாள். அந்த நாட்களில் அக்கா அவளைப் பழைய பெயர் சொல்லி வாய் ஓயாமல் கூப்பிடுவாள். பல் தேய்க்கக் கூப்பிடுவாள், காரணமே இல்லாமலும் கூப்பிடுவாள்.

இப்போது அக்காவுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. சட்டை தைக்கும் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறாள். குழல்விளக்கின் கீழே சட்டையை விரித்து, தையல் பிசகிய இடத்தில் அம்புக்குறி போட்ட சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டுவது வேலை. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றாலும் அவள் கண்ணுக்குத் தப்பித்த நூல் கிடையாது. "உன் கல்யாணத்துல மாப்பிள்ளைமேல எத்தனை ஸ்டிக்கர் ஒட்டின?" என்று பக்கத்து மேஜைக்காரி கேட்பாள். "ஒட்ட ஆரம்பிச்சா இடம் பத்தாதுன்னு விட்டுட்டேன்" என்பாள் அக்கா.

அம்மா கடல் கடந்து அண்ணன் வீட்டில் இருக்கிறாள். சித்தி காலமாகி இரண்டு வருடம். போன மாதம் அண்ணன் போன் செய்து, பார்ப்பவர்கள் தள்ளிப்போடாமல் வந்து பார்ப்பது நல்லது என்று டாக்டர் சொன்னதைச் சொன்னான். பிறகு அம்மா போனை வாங்கினாள்.

"ரெண்டு பேரும் சேர்ந்து வாங்கடி. தனித்தனியா வராதீங்க."

விசா வந்ததும் டிக்கெட் போடும் பொறுப்பை அக்கா எடுத்துக்கொண்டாள். தேதி, நேரம், இறங்கி மாறும் ஊர், பெட்டியின் எடை எல்லாவற்றையும் ஏஜென்ட்டிடம் போனில் ஒன்றுக்கு இரண்டு முறை கேட்டுக்கொண்டாள். ஜன்னல் சீட் தங்கைக்கு, அடுத்தது தனக்கு. ஒரு ராத்திரி முழுக்கத் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து போகலாம். தங்கை தூங்கினால் தலை தன் பக்கம் சாயுமா, ஜன்னல் பக்கம் சாயுமா என்றுகூட யோசித்தாள். பெயர் கேட்டபோது தன் பெயரைப் பாஸ்போர்ட்டைப் பார்த்துச் சொன்னாள். தங்கையின் பெயருக்கு எதையும் பார்க்கத் தோன்றவில்லை. தங்கச்சி பெயரை யாராவது பார்த்துச் சொல்வார்களா?

பயணத்துக்கு முந்தின வாரம் இருவரும் ஏஜென்ட் கடைக்குப் போனார்கள். ஜெராக்ஸ் கடைக்கும் வக்கீல் ஆபீசுக்கும் நடுவே ஒடுங்கிய ஒரே அறை. ஏஜென்ட் தங்கையின் பாஸ்போர்ட்டைப் பிரித்தார், கம்ப்யூட்டரைப் பார்த்தார், மறுபடி தங்கையைப் பார்த்தார்.

"டிக்கெட்ல இருக்கற அம்மா வரலையா?"

"யாரு?" என்றாள் தங்கை.

அவர் திரையைத் திருப்பிக் காட்டினார். தங்கை அந்தப் பழைய பெயரை வாசித்தாள். கோபப்படுவாள் என்று அக்கா பயந்தாள். தங்கைக்குச் சிரிப்புதான் வந்தது.

"அடிப்பாவி அக்கா! ஊரு உலகத்து சட்டையில எல்லாம் ஓட்டை கண்டுபிடிப்ப, இதைக் கோட்டை விட்டுட்டியே!"

"சிரிக்காதீங்கம்மா" என்றார் ஏஜென்ட். "பாஸ்போர்ட்ல என்ன பேரோ அதுதான் டிக்கெட்ல இருக்கணும். ஒண்ணு ரெண்டு எழுத்துன்னா திருத்திக் குடுத்துடுவாங்க. இது ஆளே வேற மாதிரி இருக்கு. இதோட போனா வாசல்லயே திருப்பி அனுப்பிடுவாங்க. புதுசா போடலாம்னா அன்னிக்கு விமானத்துல சீட்டே இல்ல. அடுத்த வாரம்தான்."

அக்கா திரையில் இருந்த தேதியைப் பார்த்தாள். அடுத்த வாரம் வரை அம்மா இருப்பாளா? தான் மட்டும் போய் நின்றால், சேர்ந்து வரச் சொன்னவளுக்கு என்ன பதில் சொல்வது? ஆனால் அவள் வாயிலிருந்து வந்தது வேறு.

"பாஸ்போர்ட்ல பேரை மாத்த முடியாதா?"

ஏஜென்ட் பேனாவை மூடி வைத்தார். "அதுக்கு எவ்வளவு நாளாகும்னு யாருக்கும்மா தெரியும்? விமானம் போய்ட்டுத் திரும்பியும் வந்துடும்."

தங்கை அக்காவையே பார்த்தாள். அந்தக் கேள்வி விமானத்துக்காகக் கேட்டதல்ல என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது.

"மாத்த மாட்டேங்கா" என்றாள் மெதுவாக. "அந்தப் பேரைச் சொல்லித்தான் என்னை வளர்த்த அம்மா ஒவ்வொரு ஸ்கூல் வாசல்லயும் நின்னா. எனக்குக் காய்ச்சல் வந்தப்ப ராத்திரியெல்லாம் அதைச் சொல்லித்தான் எழுப்பினா. அவ போனதும் பேரையும் கழட்டிப் போடச் சொல்றியா?"

"அய்யோ, அப்படி இல்லடி."

"பின்ன?"

அக்கா மேஜை விளிம்பில் பிரிந்திருந்த பிளாஸ்டிக் பட்டையை விரலால் அழுத்தினாள். விட்டதும் அது மறுபடி எழும்பியது.

"அது எங்கயுமே இல்லாம போயிடுச்சுடி. சர்டிபிகேட்ல இல்ல, உன் வீட்டு வாசல்ல இல்ல, அம்மா வாயிலயும் இல்ல. நான் ஒருத்தி சொல்றதுதான். எனக்கப்புறம் அப்படி ஒருத்தி இருந்தாங்கறதே யாருக்குத் தெரியும்?"

ஏஜென்ட் நாகரிகமாக வேறு பக்கம் திரும்பிப் போனை எடுத்தார். விமான கம்பெனியில் யாரிடமோ நீண்ட நேரம் கெஞ்சினார், நடுவே கொஞ்சம் அதட்டினார். வைத்தபோது முகத்தில் தெளிவு இருந்தது.

"ஒரு வழி இருக்கு. இந்த ரெண்டு பேரும் ஒரே ஆளோடதுதான்னு வக்கீல் முன்னால உறுதிமொழி எழுதிக் குடுத்தா, பாஸ்போர்ட் பேருக்கு மாத்தித் தர்றாங்களாம். சீட்டும் அதேதான். சாயங்காலத்துக்குள்ள அனுப்பணும்."

பக்கத்து ஆபீசில் வக்கீல் தயாராக வைத்திருந்த வாசகத்தில் இரண்டு பெயர்களையும் சேர்த்து அடித்து நீட்டினார். அக்கா எழுத்தெழுத்தாகப் பாஸ்போர்ட்டோடு வைத்துச் சரிபார்த்தாள். சித்தி வைத்த பெயரை விரல் வைத்து அவள் வாசித்தது அதுதான் முதல் தடவை. சொல்லிப் பார்த்தால் அதுவும் நல்ல பெயராகத்தான் இருந்தது.

"கீழ ரெண்டு கோடு இருக்கு பாருங்க" என்றார் வக்கீல். "ரெண்டு பேர்லயும் கையெழுத்துப் போடணும்."

முதல் கோட்டில் தங்கை சரக்கென்று போட்டாள். கிரேன் சாவி வாங்கும்போது தினமும் போடுகிற கையெழுத்து. இரண்டாவது கோட்டில் பேனா நின்றுவிட்டது.

"எனக்கு இதுல கையெழுத்தே இல்லையேக்கா. எப்படிப் போடறது?"

"கோழி கிறுக்கின மாதிரி போடாத. முழுசா எழுது."

அத்தனை உயரத்தில் இரும்பைத் தூக்கி இறக்கும் கை, ஒவ்வொரு எழுத்தாக, புதிதாகப் பள்ளியில் சேர்ந்த பிள்ளை போல எழுதியது. கடைசி எழுத்தை முடித்துவிட்டுத் தங்கை தாளைச் சற்றுத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள்.

"ஸ்டிக்கர் ஒட்டணுமா பாரு" என்றாள்.

அக்கா குனிந்து பார்த்தாள். வரி லேசாக மேல்நோக்கி ஏறியிருந்தது. ஒரு எழுத்து கோட்டைத் தாண்டியிருந்தது. எதற்கும் அவள் விரல் போகவில்லை.

"தேதி போடுடி" என்றாள்.

தங்கை போட்டாள்: 23 ஆகஸ்ட் 2017.